முதுகில் உருகாத பனி

அண்ணியின் மண்ணிறக் கம்பளி வெக்ஸ்போர்ட்டில் அவருடைய வீட்டுச் சோபாவில் இன்னமும் கிடக்கிறது. ஓரமெல்லாம் நூல் பிரிந்துவிட்டது. எறியுங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். குதிரைக்குப் போர்த்துவதற்காக அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிய நாளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதம். அண்ணா விபத்தில் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அண்ணிக்கு மூன்று பிள்ளைகள், ஒரு தொழிற்சாலை வேலை. தனியே ஒருத்தியால் முடியாது என்று சொந்தக்காரர் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தோம். மூத்தவன் மிசிசாகாவில் பெரிய மாமா வீட்டுக்கு, நடுவிலாள் பிறம்ரனில் என் வீட்டுக்கு, கைக்குழந்தை மட்டும் தாயோடு. ஆம், நானும் தலையாட்டியவள்தான். நடுவிலாளுக்கென்று கட்டிலும் வாங்கிவிட்டேன். ஞாயிறு பின்னேரம் மாமா வீட்டில் வைத்து அண்ணிக்குச் சொல்வதாக ஏற்பாடு. அது எப்படியோ அவர் காதுக்கு முதலே எட்டிவிட்டது. ஆனாலும் அன்று காலை பிள்ளைகளையும் தன்னையும் குதிரை பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னார். அண்ணா பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த வாக்கு அது.

என்னோடு வேலைசெய்த ஒருத்தியின் தகப்பன், மேற்கிலிருந்து வந்த காட்டுக் குதிரைக் குடும்பமொன்றை நகருக்கு வடக்கே தன் பரந்த காணியில் ஆள் தொடாமல் விட்டு வைத்திருந்தார். அண்ணி நெடுந்தீவுக்காரி. காட்டுக் குதிரை அவருக்குப் புதிதல்ல, பனியில் நிற்கும் குதிரைதான் புதிது. வேலிக்கு அப்பால் ஒன்பது குதிரைகள் காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி, குட்டிகளை நடுவில் விட்டு நின்றன. முதுகெல்லாம் விரற்கடை உயரத்துக்குப் பனி. "ஐயோ, உதுகள் விறைச்செல்லே சாகப்போகுதுகள்" என்று அண்ணி காரிலிருந்த கம்பளியை இழுத்துக்கொண்டு வேலியில் ஏறத் தொடங்கிவிட்டார். காணிக்காரக் கிழவர் ஓடிவந்து தடுத்துச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ரோமம் தடிப்பு, உடம்புச் சூட்டை அது வெளியே விடாது, அதனால்தான் மேலே கிடக்கும் பனி உருகவில்லை. அண்ணி வேலியிலிருந்து இறங்கினார். ஒரு மணித்தியாலம் வேலியைப் பிடித்தபடி நின்றார். கிழட்டுப் பெண் குதிரையொன்று குளம்பால் பனியைக் கிண்டிப் புல்லை வெளியே எடுத்தது. குட்டியொன்று அதே குழியில் வாயை வைக்க, அதை விட்டுவிட்டு அடுத்த குழியைக் கிண்டப் போனது.

பின்னேரம் மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் பிள்ளைகளைப் பங்கிட்டார். அண்ணியின் முகம் அசையவில்லை. மாமாவுக்குக் கோபம் வந்தது.

"செத்தவீட்டிலையும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. உமக்கு நெஞ்சு விறைச்சுப்போச்சு. உம்மை நம்பிப் பிள்ளையளை விடேலுமோ?"

"விறைக்கேல்லை மாமா. உள்ளுக்கை சூடு கிடக்கு, அதுதான் வெளியிலை உருகேல்லை. பிள்ளையள் மூண்டும் என்னோடைதான். பாக்க வாங்கோ, சோறு தாறன். பிரிக்க வராதேங்கோ."

கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, மற்ற இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கினார். நான் எழுந்து கார்த் திறப்பை எடுத்தேன். எங்கை போறாய் என்று மாமா அதட்டினார். அவையை வீட்டிலை கொண்டுபோய் விட என்றேன். மாமாவுக்கு அப்படி முகத்துக்கு நேரே நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. சாகும்வரை அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

போன கிழமையும் கம்பளியை எறியச் சொன்னேன். வளர்ந்துவிட்ட மூன்று பிள்ளைகளும் அதற்குள் கால் நீட்டி, எனக்குக் காணாது உனக்குக் காணாது என்று இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "எறியிறதெண்டா உம்மடை வீட்டிலை எதையாவது எறியும்" என்றார் அண்ணி. அவருக்குத் தெரியாது. எறியவேண்டியதை நான் குதிரை பார்த்த அந்தக் கிழமையே எறிந்துவிட்டேன். நடுவிலாளுக்கென்று வாங்கிய கட்டிலை.