கார் கொட்டகையில் தொலைந்த மகள்

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு என் ஆறு வயது மகளைக் காணவில்லை. தளி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நிலக்காரர் தம் கொட்டகையில் அபூர்வமான பழைய கார்களும், இறக்கையில்லாத ஒரு போர் விமானமும், சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகளும் சேர்த்து வைத்திருந்தார். அவளுக்குக் காட்டத்தான் போயிருந்தேன். விமானத்தை நான் வாய் பிளந்து பார்த்த நேரத்தில் எங்கோ நழுவிவிட்டாள்.

விமானத்துக்குள் தேடினேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்த கிணற்றை எட்டிப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன்.

"கிணத்துல எதுக்கும்மா தேடற?" என்றார் நிலக்காரரின் மனைவி. "சும்மா நின்னு இன்ஜின் இறுகிடக் கூடாதுன்னு வாரத்துக்கு ஒரு காரை வெளிய ஓட்டுவாரு. இன்னிக்கிப் போன காருக்குப் பின்னால மூடி போட்ட சீட்டு இருக்குது. பசங்க அதுலதான் ஒளியும்."

"ஐயோ, பிரேக் நல்லா இருக்குதாங்க?"

"வண்டி ஓடினாத்தானே பிரேக்கு!"

சாலைக்கு ஓடினேன். தூரத்தில் ரப்பர் ஹாரன் விடாமல் அலறியது. வழியில் நின்றுபோன காரை இரண்டு மாடுகள் இழுத்துவர, நிலக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நடந்து வந்தார். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து நின்றிருந்தாள் என் மகள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் வருகிறது.

கார் என்னருகில் நின்றதும் அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஏறும்மா. பயப்படாத, மெதுவாத்தான் ஓட்டுவேன்."