அம்மாவுக்கு ஜோலி இல்லை

தம்பானூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவளுக்குச் சீட்டுப் போட நின்றேன். கவுண்டரில் ரப்பர் ஸ்டாம்ப் மையின் வாசனை. அது என்னைத் தொண்ணூறுகளின் ரேஷன் ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது அம்மா நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, மீன் கழுவி, துணி துவைத்தாள். ஹோட்டல் கேஷியரான அப்பா, முதுகுவலி என்று எட்டு மாதமாகப் பாயில் கிடந்தார். புதுக் கார்டுக்கு மனு எழுத வேண்டும். பள்ளிக்கூடத்து மலையாளம் பேசுகிறவன் என்று அம்மா என்னைக் கூட்டிப்போயிருந்தாள்.

"அச்சன்டே ஜோலி?" என்று அப்பாவின் வேலையைக் கேட்டார் குமாஸ்தா.

"ஹோட்டல்ல, சாரே."

"அம்மைக்கு ஜோலி உண்டோ?"

மீன் வாடை போகாத கை என் தோளை அழுத்தியது. "சொல்லு மக்கா."

மலையாளத்தில் நாற்காலியும் லீவும் உள்ளதுதான் ஜோலி. உடம்பு நோவதெல்லாம் பணி. வகுப்பில் முதல் மாணவனான நான் துல்லியமாகச் சொன்னேன்: "ஜோலி இல்ல சாரே. பணி மாத்ரமே உள்ளூ."

அவர் 'இல்ல' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "பாயில கெடக்க மனுசனுக்கு ஜோலி. அப்போ விடியக்காலம் அஞ்சு மணிக்கு நான் எங்கலே போறேன், காத்து வாங்கவா?"

எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்கு ஒரு வரி பதில் இன்றுவரை எழுத வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கவுண்டர்ப் பெண் நிமிர்ந்தாள். "அம்மைக்கு ஜோலி எந்தாயிருந்நு?" என்று அம்மா முன்பு பார்த்த வேலையைக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்: "அவன்ட்ட கேக்காதே மோளே. அவனுக்குத் தெரியாது."