மருந்தா, கையா

புழுவின் தலைக்குப் பின்னால், மூச்சுத்துளையை ஒட்டி, நூலைப் போல ஜோடியாகக் கிடக்கும் இரண்டு சுரப்பிகள். அவற்றைக் கிழியாமல் எடுக்க அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை விட்டால் ஆளில்லை. ‘கத்திரியக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

புழு தோலுரிக்கத் தேவையான ஹார்மோன் அந்தச் சுரப்பிகளில்தான் உருவாகிறது. செல்லுக்கு எலும்புக்கூடாக நிற்கும் நுண்ணிழைகளைக் கரைத்துவிட்டால் அது சுரக்குமா? இதுதான் கேள்வி. முதலில் எடுக்கும் வலது சுரப்பி வெறும் திரவத்தில். அடுத்து எடுக்கும் இடது, இழையைக் கரைக்கும் மருந்தில். மருந்துக் கிண்ணத்தில் ஹார்மோன் சரிந்தது. ஆய்வுக்கூடத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

அவளோ அந்த அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சில மாதங்களாகக் கை நடுங்குகிறது. முதல் சுரப்பிவரை அடங்கிக் கிடக்கும். இரண்டாவதற்குப் போனதும் ஆட ஆரம்பித்துவிடும். கிழிந்த சுரப்பியும் குறைவாகத்தானே சுரக்கும்? சரிந்தது மருந்தாலா, கையாலா?

“உன் கையில டம்ளரே ஆடுது. தலைவர்கிட்ட சொல்லிடேன்,” என்றார் கணவர்.

“சொன்னா வேலை போயிடும். நீங்க சும்மா இருங்க!”

கத்தினாளே தவிர, மருந்தையும் கையையும் பிரித்துப் பார்க்க அன்று இரவே ஒரு வழி தேடிப்பிடித்தாள்.

மறுநாள் தலைவரிடம், “இன்னிக்குப் பக்கத்தை மாத்திப் போடறேன் சார். வலதை மருந்துல,” என்றாள்.

“ஏம்மா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்க?”

“ஒரே ஒரு தடவை சார்.”

மாலையில் கருவி அளவுகளைக் காட்டியது. கை ஆடும் முன்பே எடுத்து மருந்தில் போட்ட வலது சுரப்பியிலும் ஹார்மோன் சரிந்திருந்தது. இழை இல்லாமல் சுரக்காது என்பது உண்மைதான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நான் சொன்னேன்ல!” என்றார் தலைவர். அடுத்த அளவைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். “வெறும் திரவத்துல போட்ட இடது ஏன் பாதியா இருக்கு? கிண்ணம் சரியா கழுவலையோ?”

அவரே வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்றால் போதும், நாளைக்கும் அந்த நாற்காலி அவளுடையது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“கிண்ணம் சுத்தமாத்தான் இருந்தது சார். கோளாறு இதுல.”

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஆட்டம் நிற்கவில்லை.