பாதியில் நிறுத்திய பாட்டு

மைனஸ் பதினேழிலிருந்து மைனஸ் நான்கைக் கழித்தால் என்ன வரும்? பேனாவைத் தேடாதீர்கள், கைபேசியையும் தொடாதீர்கள். வாயில் வந்ததைச் சொல்லுங்கள். மைனஸ் இருபத்தொன்று என்று வந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். உங்களுக்குத் துணை நிறையப் பேர். மைனஸ் பதிமூன்று என்று வந்திருந்தால் அவசரப்பட்டு மீசையை முறுக்கவும் வேண்டாம். ஏன் பதிமூன்று என்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியவைத்துவிட்டு, அப்புறம் முறுக்கலாம்.

இந்த ஒரு கணக்கு ஒரு பெண்ணைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். செத்தவர்கள் யாரையும் துரத்துவதில்லை. உயிரோடு இருப்பவர்கள் செய்துவிட்டு மறந்துபோனதுதான் துரத்தும். அது பட்டப்பகலில், வகுப்பறைச் சுவரைத் தாண்டி, நாற்பது பிள்ளைகளின் குரலில் வரும்.

அவர் நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை. இருபத்தாறு வருடமாக ஆறாம், ஏழாம் வகுப்புகள். கரும்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு இழுத்து, நட்டநடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘சைபர் டீச்சர்’. மதிப்பெண்ணும் அதே அளவில் போடுவார் என்பது பிள்ளைகளின் கூடுதல் விளக்கம்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம் அந்தப் பாட்டைக் கட்டினார். பிளஸ், மைனஸ் கலந்த முழுக்களைக் கூட்டுவதும் கழிப்பதும் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. ஆய்வு அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியர் நெருக்கினார். டீச்சர் கைதட்டிச் சொல்லும்படி மூன்று வரி எழுதினார்.

கழித்தல் வந்தா பின்னால நிக்கிற குறியை மாத்து!
குறி ரெண்டும் ஒண்ணா? கூட்டு, அதே குறியைப் போடு!
குறி ரெண்டும் வேறா? கழி, பெரிசோட குறியைப் போடு!

முதல் வரி கைதட்டலில் உட்காரவில்லை. பிள்ளைகள் அதில் தடுக்கித் தடுக்கி விழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து அதிகாரி பத்து நாள் முன்னதாகவே வருகிறார் என்று தகவல். “முதல் வரியை இப்ப விட்டுடுங்க. கூட்டல் மட்டும் போதும். கழித்தலை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் டீச்சர். அதிகாரி வந்தார், கூட்டல்தான் கேட்டார், நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் கூரை அதிரக் கத்தினார்கள். அவர் அசந்துபோனார். அவர் காதில் விழுந்த இரண்டு வரியும் வராந்தாச் சுவரில் நீல எனாமல் பெயிண்டில் ஏறின. அங்கிருந்து பயிற்சி வகுப்புகள் வழியாக மற்றப் பள்ளிகளுக்கும் போயின. அடுத்த வாரம் டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் நேராகப் பின்னத்துக்குத் தாவிவிட்டார். ‘அப்புறம்’ என்பது அந்த நாற்பத்தெட்டுப் பேருக்கும் வரவே இல்லை.

பதினெட்டு வருடம் ஓடியது. அடுத்தடுத்த வகுப்புகளுக்கு டீச்சர் மூன்று வரியையும் சொல்லித்தான் கொடுத்தார். அந்த ஒரு வகுப்பு நினைவிலிருந்தே போய்விட்டது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய கணவர், தையல் கடைக்காரர், செய்தித்தாளை நீட்டினார். “ஏம்மா, இதைப் பாரேன். குழந்தைங்களுக்குப் போடற தடுப்பு மருந்தைக் கெட்டுப்போக விட்டுட்டு, பதிவேட்டுல பொய்க்கணக்கு எழுதியிருக்காளாம் ஒருத்தி.”

பதிவேட்டின் ஒரு பக்கத்தையே படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். மருந்துக் கிடங்கின் உறைபெட்டி மைனஸ் பதினைந்துக்கு மேலே போகக் கூடாது. அதன் வெப்பமானி பழுது. உண்மையைவிட நான்கு டிகிரி குறைத்துக் காட்டும். புதிது வாங்கித் தராமல், ‘பிழை: −4. அளவிலிருந்து கழிக்கவும்’ என்று ஓர் அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்டி ஒழுங்காகக் குளிர்ந்த காலத்தில் அந்தப் பிழையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி கோளாறான அந்த ஒன்பது நாளும் கருவி மைனஸ் பதினேழு, பதினாறு என்று காட்டியிருக்கிறது. கிடங்குக் காப்பாளர் எழுதியது மைனஸ் இருபத்தொன்று, மைனஸ் இருபது.

டீச்சர் தாளைக் கீழே வைத்தார். நடையை வைத்தே பிள்ளையை அடையாளம் காண்கிற தாய் மாதிரி, அந்தத் தவற்றை அவர் அடையாளம் கண்டுவிட்டார்.

“என்னங்க, இது பொய் இல்லீங்க. இது என் பாட்டு.”

“உன் பாட்டா? காலங்காத்தால என்ன உளர்ற?”

“ரெண்டும் மைனஸ். குறி ரெண்டும் ஒண்ணா? கூட்டு, அதே குறியைப் போடு. பதினேழும் நாலும் இருபத்தொண்ணு, மைனஸ். முதல் வரியே இல்லாம போட்டிருக்கா. முதல் வரி இல்லாம நான் விட்டது ஒரே ஒரு வகுப்பைத்தான். இவ வயசும் அதுக்கு ஒத்துவருது.”

கணவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “சரி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. எனக்கும் இருபத்தொண்ணுதான் வருது.”

டீச்சர் அவருடைய தையல் டப்பாவிலிருந்து பதினேழு சிவப்புப் பொத்தான்களை எடுத்து மேஜையில் பரப்பினார். “ஒவ்வொரு சிவப்பும் ஒரு மைனஸ். இப்ப மைனஸ் பதினேழு இருக்கு. இதுல நாலு மைனஸை எடுத்துடுங்க.”

அவர் நான்கைத் தள்ளினார். எண்ணினார். “பதிமூணு. அட, அவ்வளவுதானா! இதுக்கா பாட்டு, கச்சேரி?”

டீச்சர் பொத்தான்களைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

அன்றைக்கு மத்தியானமே விலாசம் விசாரித்துக்கொண்டு காப்பாளரின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி; இரண்டு அறை; கதவைத் திறந்தவளுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். முகம் பார்த்ததும் பேப்பரில் படித்த பெயர் மறந்து, பட்டப்பெயர்தான் வந்தது. புள்ளி. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அடியில் புள்ளி புள்ளியாக வைத்துப் போடுகிறவள்.

“உள்ள வாங்க டீச்சர். பேப்பர்ல பாத்துட்டு வந்தீங்களா?”

“ஆமாம்மா. நீ பொய் எழுதலேன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். எங்க அண்ணனே ‘உண்மையைச் சொல்லிடு’ன்னு கேக்கறான்.” நாற்காலியை இழுத்துப் போட்டாள். “வேலை போனா போகட்டும் டீச்சர். திருடின்னு பேர் வாங்கிட்டா வேற எங்க போய் நிக்கிறது? கூண்டு கட்டாத குறைதான், தெருவே வேடிக்கை பாக்குது.”

“அந்தக் கணக்கு… உனக்குச் சந்தேகமே வரலையா?”

“வந்துச்சு. முதல் நாள் அட்டையைப் பாத்ததும் பதிமூணுன்னுதான் தோணுச்சு. அப்புறம் பாட்டு வந்துடுச்சு. பாட்டு வந்தா நான் யோசிக்கறதை நிறுத்திடுவேன் டீச்சர். அப்பலேர்ந்தே அப்படித்தான்.”

“எப்பலேர்ந்து?”

“உங்களுக்கு ஞாபகம் இல்லையா? அதிகாரி வர்றதுக்கு முந்தின நாள். புத்தகத்துல முன்னாடியே போய் ஒரு கழித்தல் கணக்கு போட்டேன். மைனஸ் ஏழுலேர்ந்து மைனஸ் நாலு. ஏழு புள்ளி வெச்சு நாலை அடிச்சு, மைனஸ் மூணுன்னு எழுதினேன். நீங்க ‘இது என்ன படம் வரையற கிளாஸா? அழி. பாட்டைச் சொல்லிப் போடு’ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அழிச்சிட்டு, பாட்டைச் சொல்லி, மைனஸ் பதினொண்ணுன்னு எழுதிக் காட்டினேன். நீங்க ரைட் போட்டீங்க.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். டீச்சருக்குத்தான் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காமல் போயிற்று.

ரைட் போட்டேனா? அன்றிலிருந்து அவரை விடாத கேள்வி அதுதான். அந்த நாளை எப்படித் துழாவினாலும் அந்த நோட்டு கிடைக்கவில்லை. நினைவில் இருப்பது ஒரு நோட்டு மலை; சிவப்பு மை; மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பக்கத்தைப் புரட்டி இழுத்துக்கொண்டே போன கை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கை தானாக அந்த அசைவைச் செய்யும். முன்பெஞ்சுப் பிள்ளைகள், “டீச்சர், காத்துல யாருக்கு ரைட் போடறீங்க?” என்று கேட்டுக் கிசுகிசுப்பார்கள். அடுத்த அறையில் இளம் ஆசிரியர் ஒருவர் அதே இரண்டு வரியைப் பாடவைப்பார். கட்டியவரே சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒருநாளும் பாடம் நடத்தியிராத பிள்ளைகள் அவருடைய குரலில் பாடினார்கள்.

விசாரணை நாளன்று கூப்பிடாமலே போய் உட்கார்ந்தார். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண். எதிரில் புள்ளி. அவளுக்குப் பக்கத்தில் புகார் கொடுத்த மேற்பார்வையாளர். ஒன்பது நாள் பதிவுக்கும் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான்! புதிய வெப்பமானி கேட்டுப் புள்ளி எழுதிய மூன்று கடிதத்தையும் கோப்பில் தூங்கவைத்தவரும் இவர்தான். அவர் மேல் ஒரு வரிக் குற்றச்சாட்டு கிடையாது. சரிபார்க்கச் சம்பளம் வாங்குகிறவன் தப்பு செய்தால் கைத்தவறு. கூட்டிக் கழிக்கிறவள் தப்பு செய்தால் மோசடி. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

“பெட்டி சூடானது தெரிஞ்சே குறைச்சு எழுதியிருக்காங்க” என்றார் தலைவர். “ஒன்பது நாளும்.”

டீச்சர் எழுந்தார். “ஐயா, மறைக்க நினைச்சவ கருவி காட்டின அளவையும் மாத்தித்தானே எழுதியிருப்பா? பக்கத்துக் கட்டத்துல பதினேழு, பதினாறுன்னு உள்ளபடியே இருக்கு. கழிச்ச விதம் மட்டும்தான் தப்பு. ஒன்பது நாளும் ஒரே தப்பு. அதைச் சொல்லிக்கொடுத்தது நான்.”

“நீங்க யாரும்மா?”

“இவளோட ஆறாம் வகுப்பு டீச்சர்.”

“பதினெட்டு வருஷத்துக்கு முந்தின பாடமா? இது பள்ளிக்கூடம் இல்லம்மா.”

“அப்ப ஒண்ணு செய்ங்க. மைனஸ் பதினேழுலேர்ந்து மைனஸ் நாலைக் கழிச்சு நீங்க மூணு பேரும் ஒரு தாள்ல எழுதுங்க.”

தலைவர் பேனாவைத் தொடவில்லை. வலப்பக்கத்து உறுப்பினர் எதையோ எழுதி, பார்த்து, அடித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போது தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்தப் பெண் யாருக்கும் இல்லாமல் தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள்: “குறி ரெண்டும் ஒண்ணா, கூட்டு… அதே குறியை…”

“நீங்க டைப் பண்ணுங்கம்மா” என்றார் தலைவர்.

“அந்தப் பாட்டுல ஒரு வரியை நான் விட்டுட்டேன்” என்றார் டீச்சர். “இவ பத்து வயசு கடந்தப்பவே சரியாப் போட்டா. அழிக்கச் சொன்னேன். தப்பா எழுதினதுக்கு நான் ரைட் போட்டேன்னு சொல்றா. போட்டேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாரம் நாற்பத்தெட்டு நோட்டையும் படிக்காம ரைட் போட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. எழுதிக்கங்க.”

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. மோசடி என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ‘கவனக்குறைவு’ என்று போட்டார்கள். புள்ளிக்கு வேலை தப்பியது. ஆனால் இனிமேல் அவள் பதிவேட்டைத் தொடக் கூடாது, பெட்டி கட்டும் பகுதிக்குப் போக வேண்டும். மேற்பார்வையாளர் அதே நாற்காலியில். ஒன்பது நாளில் அந்த மருந்து போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளை மறுபடி கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு பேர் வரவில்லை, வீடு மாறிவிட்டார்களாம். அவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. டீச்சர் பேருந்தில் போகும்போது மடியில் குழந்தையோடு யார் உட்கார்ந்தாலும் அந்தக் குழந்தையின் வயதைக் கேட்கிறார்.

சுவரிலுள்ள வரிகளை அழிக்க அனுமதி கேட்டார். “அதனாலதான் நம்ம பள்ளிக்கே பேர். தேர்ச்சி விகிதத்தைப் பாருங்க” என்றார் இப்போதைய தலைமையாசிரியர். விடுமுறை நாளில் டீச்சரே வாளியும் உப்புத்தாளும் கொண்டு போனார். எனாமல் லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க நீலம் மங்கியதே தவிர, எழுத்துக்கள் சுவரில் பதிந்து அப்படியே நின்றன. திங்கட்கிழமை பிள்ளைகள் அதை விரலால் தடவிப் படித்துக்கொண்டு போனார்கள்.

டீச்சரின் வகுப்பில் இப்போது பாட்டு இல்லை, பொத்தான்தான். “டீச்சர், பொத்தான் தீர்ந்துபோனா?” என்று ஒருத்தி கேட்டாள். “உன் சட்டையில இருந்து பிய்ப்பேன்” என்றார். வகுப்பு சிரித்தது. சுவருக்கு அந்தப்பக்கம் நாற்பது பேர் கைதட்டத் தொடங்கினார்கள்.

ஒருத்தர் உப்புத்தாளை வைத்துக்கொண்டு இத்தனை பள்ளிகளைத் தேய்க்க முடியாது. ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளை இருக்கும். அதன் கணக்கு நோட்டை வாங்குங்கள். தப்பைத் தேடாதீர்கள், சிவப்பு மையில் ‘ரைட்’ விழுந்த ஒரு கணக்கைக் காட்டி, “இது ஏன் இப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு பாட்டு மட்டும் வந்தால் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள். நோட்டோடு பள்ளிக்குப் போங்கள். அதே கேள்வியை அங்கே கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எழுந்து வராதீர்கள்.