புள்ளடி போடும்வரை திரும்பி நின்றவர்

போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த ஜனாதிபதித் தேர்தல் அது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கதவை யாராவது தாளும் பேனையுமாகத் தட்டினால் தமிழர் வீடுகளைக் கணக்கெடுக்கும் பொலிஸ் பதிவு என்றே நினைப்போம். பத்திரிகையொன்றின் கருத்துக் கணிப்புக்காக முதல் வாரம் வந்தவர் எங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான், யாருக்கு வாக்களிப்போம் என்று கேட்டார். மாடி முழுவதும் பயத்தில் ஆட்சியிலிருந்தவரின் பெயரையே சொன்னோம். ஞாயிறு பத்திரிகையில் எங்கள் பகுதியே அவர் பின்னால் நின்றது.

அடுத்த வாரம் அதே பத்திரிகைக்காக ஒரு பெண் வந்தார். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த கழுத்து, இடுப்புவரை இறுக்கிப் பின்னிய சடை.

“பேர் வேண்டாம் அன்ரி. இந்தத் தாளில விருப்பமான ஆளின்ர பேருக்கு நேர நீங்களே புள்ளடி போட்டு மடிச்சு இந்தப் பைக்குள்ள போடுங்கோ.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு கதவிலும் அப்படித்தானாம்.

“பிள்ளை, ஆரெண்டு தெரியாத எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறீர். பயமில்லையோ?”

“இருக்குத்தான் அன்ரி. உங்களுக்கும் இருக்குத்தானே. கெதியாப் போடுங்கோ.”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு உண்மையைப் போட்டேன்.

கணிப்பு தலைகீழானது. வெள்ளவத்தை ஒரே வாரத்தில் மனம் மாறிவிட்டதாகப் பத்திரிகை எழுத, ஊரே அந்தக் கணிப்பைக் கேலி செய்தது. ஆனால் வாக்கெண்ணிய காலையில் எங்கள் பகுதி முடிவு அந்தப் பெண்ணின் பை சொன்னபடியே வந்தது. மாடியில் எல்லாக் கதவும் திறந்தன. வானொலியைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கைதட்டினோம்.

அவருடைய முகம் எனக்கு நினைவில்லை. அந்தச் சடையை மட்டும் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பேன்.