கிளட்ச் இல்லாத பிக்கப்

பருத்திக்கொட்டையையும் பழைய செருப்பையும் ஒன்றாகப் போட்டுக் கொளுத்தினால் என்ன வாடை வருமோ, அந்த வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் பிக்கப் வண்டியின் கியர் பெட்டிக்குள்ளிருந்து நீளமான அளவுக்குச்சி ஒன்றை உருவிய மெக்கானிக் ஜாபர் மாமா, அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, என் மூக்குக்கு நேராகவும் நீட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெயாம் அது. குச்சியின் நுனியில் ஒட்டியிருந்ததோ வற்றிப்போன காப்பி டிகாக்ஷன் மாதிரி ஒரு கறுப்பு.

அந்த வண்டியின் பவிசைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாலை வேலைக்கு வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, வேலை முடிந்ததும் ஏலத்தில் விட்டுப்போன பழைய பிக்கப் அது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்து, மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கியிருந்தது. ஏலம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் கதவைத் திறந்து குனிந்து பார்த்து, கீழே மூன்று மிதிகளுக்குப் பதிலாக இரண்டே இருப்பதைக் கண்டதும், "என்னப்பா இது, 'மொட்டை வண்டி'யா இருக்கு" என்று நகர்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் நகரவில்லை. இளம்பிள்ளை வாதத்தில் அம்மாவின் இடது கால் சிறு வயதிலேயே சூம்பிப்போயிருந்தது. இடது கால் கிளட்ச் மிதிக்கத்தான் வேண்டும், கிளட்சே இல்லாத வண்டிக்கு இடது கால் எதற்கு? அப்பாவின் யோசனை அம்புட்டுத்தான். அவரே ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பா சைக்கிளைத் தவிர வேறு எதை ஓட்டவும் பயந்தவர், அதை மறைக்கவும் தெரியாதவர்.

கோச்சடையில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் மாட்டுத்தீவன வியாபாரம். அதுவரை அம்மாவின் வேலை, மூலையில் உட்கார்ந்து கோணி ஊசியால் மூட்டைகளின் வாயைத் தைப்பது. வண்டி வந்த பிறகு அவள் உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரம் முழுக்கப் புண்ணாக்கும் தவிடும் கொண்டுபோனாள். ஊர் மந்தைத் திடலில் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்தினால் சனம் கூடிவிடும், "வண்டிக்காரம்மா, நமக்கு ரெண்டு மூட்டை" என்று ஜன்னலுக்குக் கீழே குரல்கள் மோதும், அப்பா மூட்டைகளை இறக்குவார், அம்மா மேலே உட்கார்ந்தபடியே மாட்டுக்குச் சுகமா, கன்று ஈன்றதா என்று ஊர் நியாயம் பேசுவாள். விடுமுறை நாட்களில் நடுவில் உட்கார்ந்து போவேன். வீட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கும் அம்மாவா இவள் என்று வாய் பிளந்து பார்ப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது சாமியைவிட அம்மாவிடம்தான் பயபக்தி அதிகம்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு புரட்டாசியில் மக்கர் செய்யத் தொடங்கியது. உசிலம்பட்டியைத் தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் கூப்பாடு போடுகிறது, வண்டியோ நகர மாட்டேன் என்கிறது. பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "ஆயிலை மட்டும் மாத்திராதீக. அந்த அழுக்குதான் உள்ள இருக்கிறதப் பிடிச்சு வச்சிருக்கு. புது ஆயில் ஊத்துனா வழுக்கிரும், அப்புறம் வண்டி இரும்புக் கடைக்குத்தான்." குச்சியை முகர்ந்து பார்த்த ஜாபர் மாமாவும் கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, இந்த மாதிரிப் பொட்டிய நான் பிரிச்சதே இல்ல. ஏதாச்சும் ஆச்சுன்னா உன் மூஞ்சில முழிக்க முடியாது."

வண்டி போனால் அம்மாவுக்கு மறுபடி அந்த மூலைதான், அது எனக்கே தெரியும். மறுநாள் ஜாபர் மாமாவைக் கூப்பிட்டுவிட்டாள். "மாத்துனாலும் நிக்கும், மாத்தாட்டியும் நிக்கும்னா, மாத்திட்டே நிக்கட்டும்ணே."

பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய்தான் இதற்கும் என்று டவுன் கடைகளில் விசாரித்து வாங்கி வந்தார் மாமா. அடியில் திருகாணியைக் கழற்றியதும் கறுப்பாகக் கொட்டியது, ஆனால் பாதிதான் வந்தது. மீதி உள்ளே எங்கேயோ ஒளிந்துகொண்டது. அதனால் வெளியே வந்த அளவுக்குப் புதிதை ஊற்றி, அம்மா கொஞ்சம் ஓட்டி, இரண்டு நாள் கழித்து மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றி என்று ஒரு வாரம் இந்த வைத்தியம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு செம்மண்ணாகி, கடைசியில் நன்னாரி சர்பத் நிறத்தில் எண்ணெய் இறங்கியபோது நான் கை தட்டினேன், மாமா வெட்கப்பட்டார். கடைசி முறையும் ஊற்றி முடித்தபோது ஆயுத பூஜைக்கு முந்தைய நாளாகியிருந்தது.

பூஜையன்று காலையில்தான் வினையே வந்தது. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன், "பச்சையா" இருக்கும்போதே ஆயில் பார்த்துவிட வேண்டும். லாரியோ டிராக்டரோ எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். அப்பாவும் அப்படித்தான் தினமும் இந்தக் குச்சியையும் பார்த்து, "நிறைய இருக்கு" என்று திருப்திப்பட்டு வந்திருந்தார். அன்றும் பார்த்தார். எண்ணெய் கோட்டுக்கு வெகு மேலே நின்றது. பூஜைக்கு வந்திருந்த மாமா பதறிப்போனார். "கூடிப்போச்சு, நுரைச்சுக்கிட்டு வெடிச்சிரும்" என்று திருகாணியைத் திறந்து, கோட்டளவுக்கு வரும்வரை இறக்கி ஒரு கேனில் பிடித்து வைத்தார். பிறகு சந்தனம் குங்குமம், வாழைக்கன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆயிற்று. அம்மா ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டு மிதித்தாள்.

வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தாள். எஞ்சின் அலறியது, எலுமிச்சம்பழம் அப்படியே முழுசாக இருந்தது. மாமா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார், அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "கோணி ஊசி எங்க கெடக்குன்னு பாரு" என்றாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

நான் ஷெட்டுக்குள் நுழையும் முன்பே, "நில்லுடி" என்று அம்மாவின் சத்தம் கேட்டது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஜாபரண்ணே, இப்ப அந்தக் குச்சிய உருவிப் பாருங்க."

"ஓடுறப்பயா? யாராச்சும் ஓடுறப்ப ஆயில் பாப்பாகளா?"

"மோட்டார் ஓடுறப்பதானே கிணத்துல தண்ணி இறங்கும்? எங்க பொறந்த வீட்ல அப்பத்தானே எட்டிப் பாப்போம்? இதுவும் ஓடுறப்ப ஆயில உள்ள இழுத்துக்கும்ல? நின்ன கிணத்தப் பாத்துட்டு நெறைய இருக்கு, நெறைய இருக்குன்னு இம்புட்டு நாளும் ஏமாந்திருக்கோம். பாருங்கண்ணே!"

மாமா உருவினார். குச்சி துடைத்து வைத்த மாதிரி காய்ந்திருந்தது. அப்பா ஓடிப்போய் அந்தக் கேனையும், வாங்கியதில் மிச்சமிருந்த எண்ணெயையும் தூக்கி வந்தார். எஞ்சின் ஓட ஓட, மாமா புனல் வைத்து, குச்சியில் கோட்டைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அம்மா கியரைப் போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மூச்சு வந்ததுபோல் முன்னால் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிய அந்தச் சின்னச் சத்தத்துக்கு அப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

அன்று மதியமே கணவாய்க்குப் போனோம். நிறைய மூட்டை ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றேதான் போனாள் அம்மா. ஏற்றத்தில் எஞ்சின் அலறவில்லை, திணறவில்லை. வளைவுக்கு வளைவு மலை கீழே போக, அம்மாவின் வலது கால் மட்டும் மெல்ல அழுந்தியது. மேலே போய்ச் சேரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. பிற்பாடு கடலைப் பார்த்திருக்கிறேன், விமானத்தில் மேகத்துக்கு மேலே பறந்திருக்கிறேன். அந்தப் பிரமிப்பு திரும்ப வரவில்லை.

அந்த வண்டி அதற்குப் பிறகும் பல வருடம் உழைத்து, கடைசியில் இரும்புக் கடைக்கே போனது. ஜாபர் மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தீவனத்தைக் கம்பெனிக்காரர்களே வாசலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கோச்சடையில் இன்று வீட்டுக்கு வீடு கிளட்ச் இல்லாத கார் நிற்கிறது, யாரும் கதவைத் திறந்து மிதிகளை எண்ணுவதில்லை. என்னுடையதும் அப்படி ஒன்றுதான். நீ ஓட்டிப் பாரேன் என்றால் அம்மா, "இதுல என்ன இருக்கு, எல்லாரும்தான் ஓட்டுறாங்க" என்று உதட்டைப் பிதுக்குகிறாள்.

சென்ற தை மாதம் அம்மாவை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் கூட்டிப் போனேன். பழைய வாடிக்கைக்காரர் வீடு. கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி அம்மா காலை இழுத்து இழுத்து வருவதைப் பார்த்த அந்தப் பெரியவர் பந்தலிலிருந்து ஓடிவந்தார். "ஆத்தே, வண்டிக்காரம்மா! காலுக்கு என்னாச்சு? எப்ப அடிபட்டுச்சு?"

"மூணு வயசுலப்பா" என்றாள் அம்மா.

அவர் நம்பவில்லை. "அம்புட்டு வருசமா எங்க மந்தைக்கு வந்தீகளே, நாங்க ஒருத்தர்கூடப் பாக்கலையே?"

"இறங்குறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்தாள். அந்த ஊர் அறிந்த என் அம்மாவுக்கு, அத்தனை வருடமும் இரண்டு காலும் நன்றாக இருந்திருக்கின்றன.