இன்னும் ஒருக்கா இருமும்

மாமி என் அம்மாவின் முதுகில் அடித்ததை நான் கதவிடுக்கால் கண்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து, புற்றுநோய் வந்த நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அம்மாவை அனலைதீவுக்குக் கொண்டுவந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. விலாவில் தையல் போட்ட புண் காயவில்லை. அப்படிப்பட்டவரைக் கட்டிலில் நிமிர்த்தி இருத்தி, உள்ளங்கையைக் குவித்து, தொம் தொம்மென்று அடிக்கிறார்.

“ஏலாது மச்சாள், நோகுது” என்றார் அம்மா.

“ஏலும். தலையணையை நெஞ்சோடை அணைச்சுப் பிடியும். இன்னும் ஒருக்கா இருமும்.”

அம்மா இருமினார். கண்ணீர் வழிந்தது. அப்பாவோ, முனகல் கேட்கத் தொடங்கியதும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் புறப்பட்டுவிடுவார். அந்த நாட்களில் எங்கள் மாடு குடித்த தண்ணீரை வேறெந்த மாடும் குடித்திருக்காது.

மாமி அப்பாவின் அக்கா. அம்மாவைப் பிடிக்காமல் கல்யாணத்துக்கே வராதவர் என்று வீட்டில் பலமுறை பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பழைய கோபத்தைத்தான் இப்போது தீர்த்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். அடிப்பதோடும் அவர் நிற்கவில்லை. காலையும் மாலையும் அம்மாவைக் கிணற்றடிவரை நடத்தினார். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்து, அதன் குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். மூன்று பந்தும் மேலே எழவேண்டுமாம். ஒன்றுதான் எழும். “திரும்பவும்” என்பார் மாமி. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதைத்தான் செய்கிறார் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் அந்தப் பெட்டியை எடுத்து, வேலி அடைக்கவென்று பின்வளவில் அடுக்கியிருந்த தென்னோலைக் கிடுகுகளுக்குள் செருகிவிட்டேன். மாமி வீட்டையே கவிழ்த்துத் தேடினார். என்னிடமும் கேட்டார். “நான் காணேல்லை” என்றேன். மறுநாள் காலை, புதிது வாங்கி வருவதாகச் சொல்லிப் படகேறி யாழ்ப்பாணம் போனார். அன்று பின்னேரமே காற்று எழும்பி, படகு ஓடாமல் நின்றுவிட்டது. இரண்டு நாள் அவரால் திரும்ப முடியவில்லை. தொலைபேசியில் மாமி சொன்னவற்றுக்கெல்லாம் அப்பா “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்றார். ஆனால் அம்மாவை இருமவைக்கப் போய், அவர் முகம் சுளித்ததும் விட்டுவிட்டார்.

அந்த இரண்டு நாளும் எனக்குத் திருவிழா. அம்மாவை அசையவே விடவில்லை. சாப்பாடும் கட்டிலுக்கே போனது. இருமல் எடுத்தால் சுடுதண்ணீர் கொடுத்து அடக்கினேன். அம்மா என் தலையைத் தடவி, “என்ரை செல்லம்” என்றார்.

மூன்றாம் நாள் விடிய அம்மாவின் உடம்பு கொதித்தது. ஒரு சொல் பேச மூன்று மூச்சு வேண்டியிருந்தது. முதல் படகில் வந்திறங்கிய மாமி, அம்மாவின் நெற்றியைத் தொட்டார். உதட்டின் நிறத்தைப் பார்த்தார். அதே படகை மறித்து வைக்கச் சொல்லி அப்பாவைத் துரத்தினார்.

படகில் அம்மாவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு மறுபடியும் முதுகில் தட்டத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“நான்தான் அந்தப் பெட்டியை ஒளிச்சு வைச்சனான்! நீங்கள் அம்மாவை அடிக்கிறியள். உங்களாலைதான் அவவுக்கு வருத்தம் கூடினது!” என்று கத்தினேன்.

இயந்திரச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. மாமிக்குக் கேட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். தட்டுவதை நிறுத்தவில்லை.

ஊர்காவற்றுறையிலிருந்து அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சளி அடைத்து, மிஞ்சியிருந்த நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கி, கிருமியும் தொற்றிவிட்டதாம். டொக்டர் வெளியே வந்து, “வீட்டிலை ஆர் இவவைப் பாக்கிறது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் மாமி.

நடத்தவில்லையா, இருமவைக்கவில்லையா, மூச்சுப் பயிற்சி எங்கே போனது, ஓர் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று டொக்டர் எல்லாருக்கும் முன்னால் கிழித்தெடுத்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி கையைக் காட்டி மறித்தார்.

“என்ரை கவனக்குறைவுதான், டொக்டர்.”

அம்மா மூன்று கிழமை அங்கே கிடந்து பிழைத்து வந்தார். ஆனால் அன்று, ஆஸ்பத்திரி வாங்கில் ஏறிக் கால் தொங்கவிட்டு இருந்த எனக்கு அந்தத் திட்டுப் போதவில்லை. இன்னும் நாலு விழட்டும் என்று காத்திருந்தேன். மாமியின் குற்றம் பிடிபட்டுவிட்டது, அதனால்தான் தலை குனிந்துகொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன்.